ஒரு நாள் விருந்தினர்

விருந்தோம்பல் குறித்துத் தமிழில் எழுந்த எழுத்துகளுக்கு அளவில்லை. வள்ளுவப் பெருந்தகை அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். உரையாசிரியர்கள் அதனை விரித்தார்கள். மேடைதோறும் நாம் அதனை இன்றுவரை முழக்கி வருகிறோம். ஆயினும், அவ்வதிகாரத்தை ஊன்றிப் படிப்பார்க்கு ஒன்று புலனாகும். அது முற்றிலும் இல்வாழ்வானை நோக்கியே பேசுகிறது. வாயிலில் வந்து நிற்பவனுக்கு ஏதேனும் கடமை உண்டா, உண்டெனில் அது யாது என்னும் வினா அங்கே எழவில்லை. எழவேண்டிய தேவையும் அந்நாளில் இருந்திராது. அக்கால வழிப்போக்கன் நடந்து களைத்தவன், பசித்தவன், இருட்டுவதற்குள் ஒரு திண்ணையைத் தேடுபவன். அவனிடம் போய்க் கடமையைப் பற்றிப் பேசுதல் அறமாகாது.

இன்றோ வேறுவகை விருந்தினன் ஒருவன் தோன்றியிருக்கிறான். அவன் களைத்தவன் அல்லன். கப்பலில் மெத்தையிட்ட கட்டிலில் உறங்கி வருகிறான். பசித்தவனும் அல்லன், காலை உணவை வயிறார உண்ட பின்னரே கரையிறங்குகிறான். அவன் தனியாகவும் வருவதில்லை. மூவாயிரவரில் ஒருவனாக வருகிறான். காலை எட்டு மணிக்கு வந்து, மாலை ஐந்து மணிக்குப் போய்விடுகிறான். இவனை விருந்தினன் எனலாமா? எனலாமெனில், இவன் அவ்வூருக்குப் பட்டிருக்கும் கடன் என்ன?

வினாவை வெறும் வினாவாக வைத்துக்கொண்டு சுற்றுவதினும், ஓர் ஊரில் நிறுத்திப் பார்த்தல் நலம். நார்வே நாட்டின் மேற்குக் கரையில், வடக்கே ஏறத்தாழ 62 பாகை அகலாங்கில், கெய்ராங்கர் என்றொரு சிற்றூர் உள்ளது. முன்னொரு காலத்தில் பனியாறுகள் மலையைக் குடைந்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உண்டாக்க, பனி விலகியபின் அவற்றுள் கடல் புகுந்துகொண்டது. அவ்வாறு உண்டான நீண்டு குறுகிய கடற்கையை ஃபியோர்டு என்பர். கெய்ராங்கர் ஃபியோர்டு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுடையது. இரு மருங்கிலும் ஆயிரம் மீட்டரைக் கடந்து மலைச்சுவர்கள் செங்குத்தாய் நிற்க, அதன் கடைக்கோடியில் கைப்பிடி அளவு சமநிலத்தில் ஊர் அமைந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே வாழ்வோர் இருநூற்றைம்பதின்மர் அளவே. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், நேரோய் ஃபியோர்டு என்னும் மற்றொன்றுடன் சேர்த்து, இதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஏற்றியது. கொரோனாத் தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் கப்பல் வழியே மட்டும் அங்குச் சென்றோர் ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சம் என்னும் அளவை எட்டினர். வீடு ஒன்றுக்கு விருந்தினர் எத்தனை பேர் என்று வகுத்துப் பார்க்கும் வேலையைப் படிப்பவர்க்கே விட்டுவிடுகிறோம்.

எழுத்தர் பணியின் ஊதியத்தில் நார்வே வரை செல்லுதல் கூடுமா என்று இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் ஐயுறலாம். கூடாது. ஹாம்பர்க் நகரில் பணிபுரியும் இளவல் ஒருவரின் அன்பினால், 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அது கைகூடிற்று. ஈட்டிய விடுப்பும், அயல்நாடு செல்லத் துறையின் ஒப்புதலும் பெறுவதற்கு எடுத்த நாள்கள் பயண நாள்களைவிட மிகுதி என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

கப்பல் விடியலில் ஃபியோர்டினுள் நுழைந்தது. மேற்றளத்தில் நிற்க இடமில்லை. ஏழு சகோதரியர் என்னும் அருவி ஏழு வெள்ளிழைகளாய்ப் பாறை மீதிருந்து இறங்க, கைகள் அனைத்தும் கைப்பேசிகளை ஏந்தி உயர்ந்தன. எதிர்க்கரையில், நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 250 மீட்டர் உயரத்தில், பாறையில் ஒட்டவைத்தாற்போலச் சில மரவீடுகள் தெரிந்தன. அவற்றை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அவற்றைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். கப்பல் நடுநீரில் நங்கூரமிட, சிறு படகுகளில் பகுதி பகுதியாகக் கரை சேர்ந்தோம். அன்று கப்பல்கள் இரண்டு. ஒரே தெருவெனத்தக்க அவ்வூரில் பத்து மணிக்கெல்லாம் நம் ஊர்த் தேர்த் திருவிழாவின் நெரிசல். 1842-இல் கட்டப்பட்ட எண்கோண வடிவான வெள்ளை மரத் தேவாலயம் ஒன்று மேட்டின்மீது உள்ளது. அதன் வாயிலில் நின்று கீழே நோக்கியபோது, ஊரினும் கப்பல் பெரிதாகத் தோன்றியது. தோற்றப்பிழை அன்று, மக்கள் தொகையால் நோக்கின் அது உண்மையே.

கம்பளி உடைகள் விற்கும் ஒரு கடையினுள் நுழைந்தோம். கல்லாவின் பக்கத்துச் சுவரில் அச்சிட்ட தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அப்பருவம் முழுமைக்கும் எந்த நாளில் எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும், அதில் எத்தனை பேர் என்னும் பட்டியல் அது. வடமொழியில் 'அதிதி' என்னும் சொல்லுக்குத் திதி பாராமல் வருபவன் என்று பொருள் கூறுவர். தமிழில் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பது பழம்பொருள். நாளும் நாழிகையும் முன்பே குறிக்கப்பட்டு, தலை எண்ணிக்கையும் அச்சிடப்பட்டு வந்த நாம் அதிதியும் அல்லோம். அவ்வூரார்க்குப் புதுமையும் அல்லோம். அந்தத் தாளில் நாம் ஓர் எண். எண்ணை யார் முகமலர்ந்து வரவேற்க இயலும்? எனினும் கடைக்காரப் பெண்மணி முகமலர்ந்தே வரவேற்றார். அதுவே நம்மைச் சிந்திக்க வைத்தது.

இவ்வினாவுக்கு எளிதான விடைகள் இரண்டு உலவுகின்றன. பணம் கொடுத்துச் செல்பவனுக்குக் கடன் என ஒன்றில்லை என்பது முதல் விடை. விலை கொடுத்துப் பொருளைப் பெற்றபின் கடைக்காரனுக்கு நாம் என்ன பட்டிருக்கிறோம் என்று இவ்விடையைக் கூறுவோர் கேட்பர். வணிக நியாயமாக இது சரியே. ஆயினும், கொடுத்த பணம் யாரிடம் போயிற்று, பெற்ற பொருள் யாருடையது என்று சற்றே கணக்குப் பார்த்தல் வேண்டும். பணத்தின் பெரும்பகுதி கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்தது. உணவும் உறைவிடமும் கப்பலிலேயே இருத்தலால், ஊரில் செலவழிப்பது ஒரு குவளை காப்பியும், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ஓர் அப்பமும், அஞ்சலட்டை இரண்டும்தான். நம்மோடு இறங்கியவருள் பலர் நண்பகல் உணவுக்குக் கப்பலுக்கே திரும்பிவிட்டனர். ஏற்கெனவே விலை கொடுத்த உணவை விடுவானேன் என்பது அவர்கள் கருத்து. பெற்ற பொருளோ அருவியும், மலையின் நிழல் நீரில் விழும் காட்சியும், அங்கே இருந்திருக்கக்கூடிய அமைதியும். அருவியை விற்றவர் யார்? எவரும் விற்கவில்லை. விற்கப்படாத ஒன்றை வாங்கிவிட்டதாகக் கூறுதல் பொருந்தாது. ஆகவே, பணத்தால் தீர்ந்தது போக மிச்சம் ஒன்று நிற்கிறது.

இரண்டாம் விடை இதற்கு நேர்மாறானது. தீங்கு விளையுமாயின் போகாமலே இருந்துவிடு என்பது அது. கேட்பதற்குத் துறவறம் போல உயர்ந்து ஒலிப்பதால் இதற்கு இக்காலத்தில் மதிப்பு மிகுதி. இதனை ஏற்பதற்கு முன், மேலே பாறையில் ஒட்டிய வீடுகள் என்றோமே, அவற்றை நோக்கவேண்டும்.

ஸ்காகேஃப்ளோ, க்னிவ்ஸ்ஃப்ளோ, ப்ளோம்பெர்க் என்பன ஃபியோர்டின் இத்தகைய பண்ணைகளின் பெயர்கள். கீழே சமநிலம் போதாமையால், மலைச்சுவரில் கிடைத்த சிறுசிறு தட்டுகளில் மக்கள் ஏறிக் குடியமர்ந்தார்கள். ஆடு வளர்த்தார்கள், புல்லை அறுத்துச் சேர்த்தார்கள். விளிம்பில் விளையாடும் குழந்தைகள் விழுந்துவிடாதபடி அவர்களைக் கயிற்றால் பிணைத்து வைத்தார்கள் என்பர். ஸ்காகேஃப்ளோவுக்கு ஏறும் வழியில் ஓரிடத்தில் ஏணி ஒன்று இருந்ததாம். வரி வசூலிக்க அலுவலர் வருகிறார் என்று தெரிந்தால் அதனை மேலே இழுத்துக்கொள்வார்களாம். அரசு அலுவலில் இருக்கும் நமக்கு இக்கதையில் யார் பக்கம் நிற்பது என்பது தருமசங்கடமே. ஆயினும் ஏணியை இழுத்தவர்கள் பக்கமே மனம் சாய்ந்தது. கதை எவ்வாறாயினும், அவ்வாழ்வு நிலைக்கவில்லை. மேலே தொங்கும் பாறைகளுக்கு அஞ்சிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் க்னிவ்ஸ்ஃப்ளோ கைவிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காகேஃப்ளோவும் ஆளின்றிப் போயிற்று. வீடுகள் இடிந்து மண்ணாகாமல் இன்று நிற்பதற்குக் காரணம், அப்பகுதியின் அன்பர்கள் கழகம் ஒன்று 1970-களிலிருந்து அவற்றைச் செப்பனிட்டு வருவதே. 1993-இல் நார்வே மன்னர் ஹரால்டும் அரசி சோனியாவும் தம் திருமண வெள்ளி விழாவை ஸ்காகேஃப்ளோவில் கொண்டாடினர். பிழைக்க வழியின்றி ஒரு குடும்பம் இறங்கிப்போன முற்றத்துக்கு, எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அரச குடும்பம் விழாவுக்கு ஏறிச் சென்றது.

மேலே வாழ்ந்தோர் இறங்கிவிட, கீழே இருந்த கெய்ராங்கர் மட்டும் எவ்வாறு பிழைத்தது? பயணிகளால். 1869-இலேயே முதல் உல்லாசப் பயணக் கப்பல் அங்கு வந்ததாகக் கூறுவர். 1889-இல் மலைமேல் வளைந்து வளைந்து ஏறும் சாலை ஒன்று திறக்கப்பட்டது. அது பனிக்காலத்தில் மூடிக்கிடக்கும். 1955-இல் எதிர்த் திசையில் கழுகுப்பாதை என்னும் பதினொரு கொண்டைவளைவுச் சாலை வந்த பின்னரே, குளிர்காலத்திலும் ஊரார் வெளியுலகுக்குச் சென்றுவரச் சாலை வழி கிடைத்தது. தங்கும் விடுதிகளும், கடைகளும், படகுகளும் அவ்வூர்ப் பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்கு ஓடிவிடாமல் தடுத்து நிறுத்தின. பயணிகள் வருதல் இவ்வூர்க்கு நேற்று வந்த நோயன்று. நூற்றைம்பது ஆண்டு வழக்கு. 'போகாதே' என்று டெல்லியிலோ இலண்டனிலோ அமர்ந்து அறிவுரை கூறுதல் எளிது. கூறுபவருக்கு அதனால் இழப்பில்லை; கம்பளி விற்கும் பெண்மணிக்கு உண்டு. பிறர் இழப்பில் நாம் ஈட்டும் புண்ணியத்தை அறம் எனக் கொள்ளத் தயங்குகிறோம்.

இனி, காண்பவனுக்கும் வாழ்பவனுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை விளக்கும் மலை ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். கெய்ராங்கரிலிருந்து சற்றுத் தொலைவில், அடுத்த கிளை ஃபியோர்டின் கரையில், ஓக்கர்னேசெ என்னும் மலைச்சரிவு உள்ளது. அதன் மேற்பகுதியில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. அவ்வெடிப்பு ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் விரிகிறது. கோடிக்கணக்கான கனமீட்டர் பாறை ஒருநாள் அப்படியே நீரில் சரியக்கூடும் என்பது நிலநூலார் கணிப்பு. சரிந்தால் எழும் பேரலை பத்து நிமிட அளவில் கெய்ராங்கரை வந்தடையும். இது வெறுங்கற்பனையன்று. அதே நீர்த்தொகுதியைச் சேர்ந்த டாஃபியோர்டில் 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் இரவில் பாறை சரிந்து எழுந்த அலை, உறங்கிக்கொண்டிருந்தோருள் நாற்பதின்மரைக் கொண்டுபோயிற்று. ஆகவே இன்று ஓக்கர்னேசெயில் அளவுக் கருவிகள் பொருத்தி இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். சரிவு நெருங்கினால் நாள் கணக்கில் முன்னரே தெரிந்துவிடும் என்றும், ஊரை ஒழித்துவிட நேரம் இருக்கும் என்றும் நம்புகிறார்கள். இப்பொருளை வைத்து 2015-இல் நார்வே மொழியில் 'அலை' என்னும் திரைப்படமும் வந்தது.

கப்பலின் ஒலிபெருக்கியில் இதனைச் சுவையான செய்தியாக அறிவித்தார்கள். பயணியர் 'ஆ' என்றனர். பின்னர்ச் சிற்றுண்டி அறிவிப்பு வந்தது. நமக்கு அம்மலை அரைமணி நேர வியப்பு. அங்கே வீடு கட்ட எண்ணுபவனுக்கோ, எவ்வளவு உயரத்துக்கு மேல் அடித்தளம் இடுவது என்பதைக் குறிக்கும் மலை அது. பிள்ளைக்குப் பள்ளியில் எந்தப் பாதையில் ஏறி ஓடவேண்டும் என்று கற்றுக்கொடுக்க வைக்கும் மலை. ஒரே மலை ஒருவனுக்குக் காட்சி, மற்றவனுக்கு அண்டை வீட்டான். விருந்தினன் பட்ட கடனின் முதற்பகுதி இவ்வேறுபாட்டை அறிதல் என்று தோன்றுகிறது. தான் கண்டது ஊரின் ஒரு நாளை மட்டுமே என்பதும், கப்பல் வராத மாதங்களும் கதிரவன் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வாரங்களும் அவ்வூரின் ஆண்டில் அடங்கும் என்பதும் அவன் நினைவில் இருத்தல் வேண்டும். அறிதலால் மட்டும் ஊராரின் சுமை குறைந்துவிடுமா என்றால், குறையாது. அதனால்தான் இதனை முதற்பகுதி என்றோம்.

மிகவும் கடினமான பகுதி எண்ணிக்கையைப் பற்றியது. ஒருவன் மலைப்பாதையில் நடந்தால் மிதிபட்ட புல் மறுநாள் நிமிர்ந்துவிடும். மூவாயிரவர் நடந்தால் பாதை சேறாகிவிடும். அம்மூவாயிரவருள் குற்றம் செய்தவர் யார்? ஒவ்வொருவரும் தம் இரண்டு கால்களால் மட்டுமே நடந்தனர். குப்பை போடவில்லை, கூச்சலிடவில்லை, பூப்பறிக்கவில்லை. தனித்தனியே விசாரித்தால் அனைவரும் குற்றமற்றவர். கூட்டிப் பார்த்தால் சேறு இருக்கிறது. நம் அறநூல்கள் பெரும்பாலும் தனிமனிதன் செய்யும் வினையையே எடை போட்டன. எவரும் தனியாகச் செய்யாத, எல்லோரும் சேர்ந்தால் மட்டும் விளையும் தீமையை எடைபோட நமக்கு இன்னும் படிக்கற்கள் போதவில்லை.

புகையும் அவ்வாறே. மலைச்சுவர்களுக்கு நடுவே காற்று அசையாத கோடை நாள்களில், கப்பற்புகை மேலெழ வழியின்றி ஃபியோர்டின்மேல் நீலநிற மெல்லாடையாகப் படிந்து நிற்கும். இதனைக் கண்ட நார்வே நாடாளுமன்றம் 2018-இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மரபுச் சின்னமாகிய ஃபியோர்டுகளில் பயணக் கப்பல்களும் படகுகளும் 2026-க்குள் புகையே வெளியிடாதவையாக மாறவேண்டும் என்பது அதன் சாரம். உலகமே பாராட்டிற்று. ஆண்டுகள் ஓடின. பெரிய கப்பல்களுக்கு அதற்கேற்ற எரிபொருளும் பொறியும் உரிய காலத்தில் அமையா என்ற நிலை தோன்ற, விதி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 10,000 டன் கொள்ளளவுக்குக் குறைந்த கப்பல்களுக்கு 2026 ஜனவரி முதல். அதற்கு மேற்பட்ட பெருங்கப்பல்களுக்கு 2032 ஜனவரி முதல். காலக்கெடு நீட்டிப்பு என்னும் சொற்றொடர் கோப்புகளோடு வாழும் நமக்குப் புதிதன்று. அதன்கீழ் எத்தனை முறை கையொப்பத்துக்கு இடம்விட்டுத் தட்டச்சு செய்திருப்போம்! நார்வேயின் முடிவைக் குறைகூறுவதும் நம் நோக்கமன்று. சிறு கப்பலுக்கு முதலில் நெருக்கடியும் பெருங்கப்பலுக்கு ஆறாண்டு அவகாசமும் கிடைத்த முறையை மட்டும் அன்பர்கள் கவனித்தல் வேண்டும். மூவாயிரவரைச் சுமந்து வருவதைத் தடுப்பது கடினமாய் இருப்பதற்குக் காரணம் அதில் மூவாயிரவர் இருப்பதே.

அதே நாட்டில் நம் வினாவுக்கு ஓரளவு வழிகாட்டும் பழைய வழக்கம் ஒன்றும் உண்டு. உழப்படாத நிலம், காடு, மலை இவற்றில், உரிமையாளர் யாராயினும், எவரும் காலால் நடந்து செல்லலாம். இவ்வழக்கத்தை 1957-இல் சட்டமாகவும் எழுதினார்கள். வீட்டிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். உரிமையாளரைக் கேளாமல் ஓரிடத்தில் இரண்டு நாள்வரை தங்கலாம். சட்டம் இதனோடு நிற்கவில்லை. செல்பவன் பிறர் நலம் கருதி, இடத்துக்கு ஊறு நேராதபடி நடந்துகொள்ளவேண்டும் என்பதையும் அவ்வுரிமையோடு சேர்த்தே எழுதிவைத்தது. வந்தவனுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையின் உடம்பிலேயே கடமையும் இருக்கிறது. நம் மரபு வீட்டானுக்கு விதித்ததை இவர்கள் வழிப்போக்கனுக்கும் விதித்திருக்கிறார்கள்.

எனினும் 1957-இன் சட்டம் தனித்தனியே நடந்து வந்தவனை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. கப்பலில் வரும் கூட்டத்துக்கு அது போதாது. கூட்டத்தால் விளையும் தீங்கைத் தனிமனிதனின் நல்லொழுக்கம் நீக்காது. நாம் எவ்வளவு மெல்ல அடிவைத்தாலும் ஆயிரமாயிரம் அடிகளில் அது ஒரு துளியே. ஆகையால் ஒரு நாள் விருந்தினனின் கடன் அவன் தெருவில் நடக்கும் விதத்தோடு முடிவதில்லை என்பது நம் துணிபு. தன்னைத் தடுக்கக்கூடிய விதியைத் தானே விரும்புதல் வேண்டும். இன்று இத்தனை பேருக்கு மேல் இடமில்லை என்று ஊரார் கூறினால், அந்த மிகுதியில் தானும் ஒருவனாக நேர்ந்தாலும், அது நியாயம் என்று ஒப்பும் மனம் வேண்டும். அம்மனம் உடையவனே விருந்தினன். அஃதில்லாதவன் எவ்வளவு பணிவாகப் பேசினாலும், அனுமதிச்சீட்டு வாங்கிய பார்வையாளனே.

இத்தகைய விதி நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்க்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. அண்டார்க்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும் கப்பல் எவரையுமே இறக்கக் கூடாது. தொலைதூரம் போவானேன்? நம் இமயத்தில் கோமுகத்துக்கு நாளொன்றுக்கு 150 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை என்று வகுத்துவிட்டார்கள். கங்கை தோன்றும் இடத்தைக் காணச் செல்லும் பக்தனையே அனுமதிச்சீட்டுக் கேட்டு நிறுத்தும்போது, அருவியைப் படம்பிடிக்கச் செல்பவன் முறையிடுவதற்கு என்ன இருக்கிறது?

இங்கே ஒரு மறுப்பு எழும். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஐரோப்பியச் செல்வர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கூட்டம் கூட்டமாய்க் கண்டு களித்தார்கள். இப்போதுதான் நம்மைப் போன்ற நாட்டினருள், நம்மைப் போன்ற வருவாயினருள், சிலருக்குக் கடல் கடந்து பார்க்கும் வாய்ப்பு எட்டியிருக்கிறது. முறை நமக்கு வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்துவது அறமா? பந்தியில் கடைசியில் அமர்ந்தவனுக்கு மட்டும் அளவுச் சாப்பாடா? கப்பலில் உடன்வந்த வங்காள அன்பர் ஒருவர் இதனைச் சினத்தோடு கேட்டார். அவர் சினத்தில் நியாயம் இருந்தது.

இதற்கு நமக்குத் தோன்றும் விடை இது. கதவைப் பாதி சாத்தலாம். ஆனால், விலையைக் கொண்டு சாத்துதல் கூடாது. கூட்டத்தைக் குறைக்கக் கட்டணத்தை ஏற்றுவதே எங்கும் முதலில் தோன்றும் வழி. அவ்வழியில் சென்றால், அருவி பணக்காரர் வீட்டுத் தோட்டமாகிவிடும். தீங்கும் குறையும் என்று உறுதி இல்லை, தனிப்படகில் வருபவன் ஒருவனே நூறுபேர் புகையை விடக்கூடும். மாறாக, முறை வைத்து வரிசையில் நிறுத்தினால், காத்திருத்தல் எல்லார்க்கும் பொதுவாகும். நியாயவிலைக் கடை வரிசையிலும், இரயில் முன்பதிவின் காத்திருப்போர் பட்டியலிலும் பழகிய நமக்கு இது கசப்பான மருந்தன்று. இவ்வாண்டு இல்லையெனில் வரும் ஆண்டு. நம் வாழ்நாளில் இல்லையெனினும் பிள்ளைகள் நாளில். இதனை அவ்வங்காள அன்பரிடம் கூறியபோது அவர் முழுமையாக ஒப்பவில்லை. வரிசையில் தள்ளுமுள்ளு செய்து முன்னே போகிறவன் எப்போதும் ஒரே வகையினன் அல்லவா என்று கேட்டார். அதற்குச் சட்டம்தான் காவல் நிற்கவேண்டும் என்றோம். சிரித்துக்கொண்டார்.

கம்பளிக் கடைப் பெண்மணியிடம் இவ்வளவும் பேசவில்லை; பேசுவதற்கு அவர்க்கும் நேரமில்லை. இத்தனை பேர் வருவது உங்களுக்குத் தொல்லையாக இல்லையா என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டோம். கப்பலே வராவிட்டால் கடையை மூடிவிட்டு நகரத்துக்குப் போய்விட வேண்டியதுதான் என்றார். சற்று நிறுத்தி, ஒரு கப்பல் வரும் நாளில் தம் தாயார் தேவாலயம்வரை நடந்துவிட்டு வருவார். மூன்று கப்பல் வரும் நாளில் வீட்டுப்படி இறங்கமாட்டார் என்றும் சொன்னார். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, மழை நாளில் குடை எடுப்பதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

சுவரிலிருந்த பட்டியலை மீண்டும் நோக்கினோம். நம் கப்பலின் பெயருக்குக் கீழே, மறுநாளுக்கு நேராக ஒன்றும் அச்சிடப்படவில்லை. நாளைக்குக் கப்பல் இல்லையே, என்ன செய்வீர்கள் என்றோம். நாளைக்குப் புல் அறுவை, மழை வருவதற்குள் உலர்த்திவிடவேண்டும் என்று கூறிவிட்டு, அடுத்து நின்றவரிடம் திரும்பினார்.